ஒரே பந்து, பத்தொன்பது சீசன்: மரியானோ ரிவேராவும் அவர் சொல்லும் கடவுளும்

மார்ச் 2, மாலை. இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) ரிவேரா வாழ்நாள் முழுக்க ஒரே வகைப் பந்தைத்தான் எறிந்தார் என்கிறார்கள். கிரிக்கெட்டில் இப்படி ஒரே பந்தைப் போட்டால் மூன்றாவது ஓவரிலேயே வெளுத்து அனுப்பிவிடுவார்கள். அங்கே எப்படி எடுபட்டது? கேட்டால் "கடவுள் கொடுத்த பந்து" என்கிறாராம். அமெரிக்காக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சாட்சி சொல்லணும். விளம்பரம்தானே இது?

மார்ச் 2, இரவு

அவர் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில் இல்லை, பனாமாவில். அதை முதலில் திருத்திவிடுவோம்.

ஒரே பந்து எப்படி எடுபட்டது என்பதற்குப் பாதி விடை அவர் பார்த்த வேலையிலேயே இருக்கிறது. ரிவேரா குளோசர். தன் அணி கொஞ்ச ரன் முன்னிலையில் இருக்கும்போது, பெரும்பாலும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து, கடைசி மூன்று அவுட்களை எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகிறவர். ஒரு பேட்டர் ஓர் ஆட்டத்தில் அவரை ஒருமுறைதான் பார்ப்பான். அடுத்து எப்போது பார்ப்பான் என்பது அட்டவணையைப் பொறுத்தது. சில சமயம் அடுத்த வருஷம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற ஸ்டார்ட்டிங் பிட்சர் அப்படியில்லை, அதே ஒன்பது பேரை மூன்று சுற்று சந்திக்கணும். ஒரே பந்தை வைத்துக்கொண்டு அந்த வேலை ஆகாது. ரிவேராவுக்கே ஆகவில்லை. 1995 மே 23, கலிபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம், ஸ்டார்ட்டராகத்தான் இறக்கினார்கள். மூன்றே கால் இன்னிங்ஸ், ஐந்து ரன், தோல்வி.

மீதிப் பாதி அந்தப் பந்து. அதன் பெயர் கட்டர். வேகப்பந்தாகக் கிளம்பி, பேட்டருக்கு முன்னால் தரையில் பதித்த பிளேட்டுக்கு வரும்போது கடைசி நேரத்தில் சில அங்குலம் திரும்பும். வலது கைக்காரர் எறிந்தால் இடது கை பேட்டரின் கைப்பிடிப் பக்கம் பாயும். பேட்டின் பருத்த பாகத்தில் படவேண்டிய பந்து பிடியில் வந்து படும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மார்ச் 3, காலை

மூன்றே கால் இல்லை, மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். அதாவது மூன்று இன்னிங்ஸும் கூடுதலாக ஓர் அவுட்டும். பேஸ்பாலில் இன்னிங்ஸை அவுட் கணக்கில்தான் பிரிப்பார்கள், காலுக்கு அங்கே இடமே இல்லை. தூக்கக் கலக்கம்.

மார்ச் 3, மதியம்

கட்டரை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வலது கைக்காரருக்குச் சொல்கிறேன்.

பேஸ்பால் பந்தில் 108 இரட்டைத் தையல். குதிரை லாடம் போல வளைந்து வளைந்து ஒரே கோடாகப் பந்தைச் சுற்றி வரும். லாடத்தின் அகன்ற பகுதிக்குக் குறுக்கே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையல் மேல் படும்படி வைத்துப் பிடித்தால் அது சாதாரண நான்கு தையல் வேகப்பந்து. அதிலிருந்து இரண்டு விரலையும் சேர்த்துப் பந்தின் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் நகர்த்தணும். கட்டைவிரல் பந்துக்கு அடியில் போகணும். கை வீச்சு, தோள் திறப்பு, காலடி எல்லாம் வேகப்பந்துக்கு எப்படியோ அப்படியே. விடும்போது நடுவிரலில் மட்டும் அழுத்தம் கூடணும். பின்சுழற்சியின் அச்சு கொஞ்சம் சாய்ந்துவிடும், பந்து இடப்பக்கம் நகரும்.

எல்லோரும் கெடுத்துக்கொள்கிற இடம் மணிக்கட்டு. திருப்பணும் என்று நினைத்து மணிக்கட்டை முறுக்கினால் அது ஸ்லைடர் ஆகிவிடும். வேகம் குறையும். சுழற்சி மாறுவது பேட்டர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், ஸ்லைடரில் தையல் சேர்ந்து சிவப்புப் புள்ளி மாதிரி சுற்றும். முழங்கைக்கும் கேடு. இரண்டாவது தப்பு கட்டைவிரலைப் பக்கவாட்டில் வைப்பது. பந்து ஒரு நாள் வெட்டும், மறுநாள் சும்மா நேராகப் போய் நிற்கும். வெட்டாத கட்டர் என்பது நடு பிளேட்டில் வந்து விழுகிற மிதவேகப் பந்து. அடுத்து அதைத் தேடவேண்டிய இடம் பார்வையாளர் கேலரி.

இந்தக் கட்டைவிரல் விஷயம் பேர் பெற்றது. 2008 ஜூலையில் பழைய யாங்கீ ஸ்டேடியத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டம், எல்லா அணிகளின் சிறந்த வீரர்களும் ஆடுவது. டொராண்டோவின் பிட்சர் ராய் ஹாலடேக்குக் கட்டர் சரியாக நிற்கவில்லை. போய் ரிவேராவிடமே கேட்டார், எதிரணிக்காரர் என்று பார்க்காமல் இவரும் காட்டிக்கொடுத்தார். விரல் எங்கே இருக்கணும் என்பதை ஹாலடே ஒரு பந்தின் மேல் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டார், பிடி தப்பும்போதெல்லாம் எடுத்துப் பார்க்க. 2010இல் பிலடெல்பியாவுக்கு மாறிய பிறகு மே மாதம் பெர்ஃபெக்ட் கேம் (ரன்னுக்கு ஓடும் வழியிலுள்ள பேஸ் எதிலும் ஒருவரையும் ஏறவிடாத ஆட்டம்), அக்டோபரில் சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃபில் நோ-ஹிட்டர் (எதிரணி ஒருமுறைகூட அடித்துப் பேஸ் ஏறாத ஆட்டம்). எதிரிக்குப் பாடம் எடுத்ததற்காக யாங்கீஸ் வீரர்கள் தங்களுக்குள் விளையாட்டாக நடத்துகிற பஞ்சாயத்தில் ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள்.

மார்ச் 3, இரவு

"கடைசி நேரத்தில் திரும்பும்" என்று நேற்று எழுதினேன். இயற்பியல் படித்தவர் ஒருவர் சரியாகவே பிடித்துக்கொண்டார். பந்து கையை விட்ட கணத்திலிருந்தே திரும்பிக்கொண்டுதான் வருகிறது, நடுவழியில் புதிதாக ஒரு விசை வந்து தள்ளுவதில்லை. ஆனால் பக்கவாட்டு நகர்வு நேரத்தின் வர்க்கத்தோடு கூடும். பாதி நேரம் ஆகும்போது மொத்த நகர்வில் கால் பங்குதான் ஆகியிருக்கும், மீதி முக்கால் பங்கும் பின்பாதியில். 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து கையிலிருந்து பிளேட்டுக்கு வர 0.4 விநாடிதான் ஆகிறது. வீசுவதா வேண்டாமா என்று பேட்டர் முடிவு செய்வது அதில் முன்பாதியில். அவன் முடிவெடுத்தபோது பார்த்தது நேரான வேகப்பந்து. அவன் கணக்குக்குக் கடைசி நேரத்தில் திரும்பியதுதான் உண்மை.

எவ்வளவு நகர்ந்தால் போதும் என்றும் பாருங்கள். பேட்டின் மிகப் பருத்த இடமே இரண்டரை அங்குலச் சொச்சம். பிடி மெலிசு. மரம். நாலைந்து அங்குலம் உள்ளே வந்தாலே முறிந்துவிடும். 1999 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவின் ரயன் க்ளெஸ்கோ ஒரே முறை ஆடவந்து மூன்று பேட் முறித்துக்கொண்டார். மூன்றாவதுக்குச் சொந்த அணிக்காரர்களே பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாதாரணமாக வலது கை பிட்சருக்கு எதிரே இடது கை பேட்டருக்குத்தான் சாதகம். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த சுவிட்ச் ஹிட்டர்கள் அதனால்தான் இடது பக்கம் நிற்பார்கள். ரிவேரா வந்தால் மட்டும் சில சுவிட்ச் ஹிட்டர்கள் வலது பக்கமே நின்றார்கள். பாடநூலைத் தலைகீழாகப் பிடித்த பந்து.

மார்ச் 5

சரி, கடவுள்.

எப்படிக் கிடைத்தது என்ற கதையை அவர் பல முறை சொல்லியிருக்கிறார், விவரம் மாறியதில்லை. 1997 ஜூன் கடைசி, டெட்ராய்ட். ஆட்டத்துக்கு முன்னால் ராமிரோ மெண்டோசாவோடு கை சூடேற்றப் பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மெண்டோசாவும் பனாமாக்காரர். பந்து கையுறைக்கு வரும்போது விலகுகிறது. மெண்டோசா, வேலையைக் காட்டாதே என்று கோபப்படுகிறார். இவர் எதையுமே மாற்றவில்லை, வழக்கமான பிடிதான்.

ரிவேரா முதலில் சந்தோஷப்படவில்லை. பயந்தார். நேராகப் போகவேண்டிய வேகப்பந்து சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் பிழைப்பு என்ன ஆவது? பிட்சிங் கோச் மெல் ஸ்டாட்டில்மையரும் பிட்சர்கள் கை சூடேற்றும் புல்பென்னில் பந்து பிடித்துக்கொடுக்கிற கேட்சர் மைக் போர்செல்லோவும் சேர்ந்து வாரக்கணக்கில் அதை நேராக்கப் பார்த்தார்கள். பிடியை மாற்றினார்கள், விடுகிற இடத்தை மாற்றினார்கள். நேராகவில்லை. கடைசியில், இது போகிறபடி போகட்டும் என்று விட்டுவிட்டார். பேட்டர்கள் அதை அடிக்க முடியாமல் திணறுவது அதற்குள் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தது.

இதைத்தான் அவர் கடவுள் கொடுத்தது என்கிறார். நான் தேடவில்லை, கற்கவில்லை, நேராக்கப் பார்த்தும் முடியவில்லை, ஆகவே என்னுடையது இல்லை: அவருடைய வாதம் அவ்வளவுதான். நம்பாதவனுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. நீண்ட விரல், அசாத்தியமாக வளைகிற மணிக்கட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழுகிற வீச்சு. நடுவிரல் அழுத்தம் ஒரு மயிரிழை கூடியிருக்கும், அது படிந்துபோயிருக்கும். இரண்டு விளக்கத்தையும் ஒரே மேசையில் வைக்கலாம், சண்டை போடாது.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

விளம்பரம் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் தனியாக. இதே விளக்கத்தை அவர் 1995க்கும் சொல்கிறார். அப்போது பேரே கிடையாது. ஜூனில் சரியாக ஆடாததால் கீழ்மட்ட அணியான கொலம்பஸுக்கு அனுப்பிவிட்டார்கள், தோள் வலி வேறு. இரண்டு வாரம் ஓய்வு. திரும்பி வந்து எறிந்தால் மணிக்கு 88, 90 மைல் போய்க்கொண்டிருந்த பந்து 95, 96ஐத் தொடுகிறது. யாங்கீஸ் பொது மேலாளர் ஜீன் மைக்கேலுக்கு நம்பிக்கை வரவில்லை, வேகமானி பழுதோ என்று வேறு ஆட்களிடம் விசாரித்தார். அந்தச் சமயம் ரிவேராவை டெட்ராய்டுக்குக் கொடுத்துவிட்டு டேவிட் வெல்ஸை வாங்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எண்ணைக் கேட்டதும் பேச்சு நின்றது. ஜூலை 4 அன்று சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), எதிரணி அடித்துப் பேஸ் ஏறிய ஹிட் இரண்டே.

அதற்கும் முன்னால் 1992இல் முழங்கையில் டாமி ஜான் அறுவை. அதே வருஷம் புதிதாகச் சேர்ந்த இரண்டு அணிகளுக்கு ஆள் எடுக்கும்போது யாங்கீஸ் இவரைப் பாதுகாப்புப் பட்டியலில்கூட வைக்கவில்லை. கொலராடோவும் எடுக்கவில்லை, ஃபுளோரிடாவும் எடுக்கவில்லை. 1996 தொடக்கத்தில் சியாட்டிலுக்கு, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்) ஃபெலிக்ஸ் ஃபெர்மினுக்கு மாற்றாகக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார்கள். இத்தனை முறை வாசல் வரை போய்த் திரும்பிய ஆள், யாரோ பிடித்து இழுத்து நிறுத்துகிறார்கள் என்று நினைத்தால் அதில் ஆச்சரியம் என்ன?

மார்ச் 6

டாமி ஜான் அறுவை என்று எழுதியது தப்பு. தசைநாரை எடுத்துவிட்டு வேறு தசைநார் வைத்துத் தைப்பதுதான் டாமி ஜான். அந்த அறுவையைக் கண்டுபிடித்த ஃப்ராங்க் ஜோப்தான் ரிவேராவுக்கும் செய்தார், அதனால் குழம்பிவிட்டது. முழங்கையைத் திறந்து பார்த்து அந்த மாற்று தேவையில்லை என்று சுத்தம் செய்துவிட்டு மூடினார்கள்.

மார்ச் 8

ஊரைப் பற்றிக் கேட்டவருக்கு. புவெர்த்தோ கைமீத்தோ, பனாமாவின் பசிபிக் கரை மீனவ ஊர். 1969 நவம்பர் 29இல் பிறந்தார். அப்பா மீன்பிடிப் படகில் வேலை. பையன்கள் கையுறையை அட்டைப் பால் பெட்டியில் செய்துகொள்வார்கள். பந்து, கிழிந்த வலைத் துண்டை உருட்டி மேலே மின்கம்பி ஒட்டுகிற டேப் சுற்றியது. பேட் ஏதாவது மரக்கிளை. பள்ளிக்கூடத்தை விட்டதும் இவரும் மத்தி பிடிக்கப் படகில் போனார், படகு கவிழ்ந்து தப்பிய பிறகு அந்த வேலையே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அவர் பிட்சரே இல்லை என்பதுதான் வேடிக்கை. பனாமா ஓயெஸ்தே அணியில் ஷார்ட்ஸ்டாப். ஒரு நாள் அணியின் பிட்சர் உதை வாங்கிக்கொண்டிருக்க, நான் போடுகிறேன் என்று ஏறினார். பார்த்த இரண்டு தோழர்கள் யாங்கீஸ் ஆள்தேடுநருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஹெர்ப் ரேபர்ன் முன்பே இவரை ஷார்ட்ஸ்டாப்பாகப் பார்த்து வேண்டாம் என்று போனவர். இந்த முறை பந்தின் வேகம் 87 மைலைத் தாண்டவில்லை, ஆனால் வீச்சு எண்ணெய் போட்டது போல இருந்தது. 1990 பிப்ரவரியில் சில ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தம். வயது 20. அந்தச் சந்தையில் அது கிழட்டு வயசு, 16இல் பிடித்துவிடுவார்கள்.

கத்தோலிக்கக் குடும்பச் சூழலிலிருந்து பெந்தெகொஸ்தே பக்கம் வந்தது இருபதுகளின் தொடக்கத்தில். மனைவி க்ளாராவும் சேர்ந்துதான். நியூயார்க்குக்கு வடக்கே நியூ ரோஷெலில் பாழடைந்து கிடந்த பழைய பிரெஸ்பிட்டேரியன் கோவிலைச் சீர்செய்து 2014இல் சபையாகத் திறந்தார்கள். பெயர் ரெஃபுஹியோ தெ எஸ்பெரான்சா, நம்பிக்கையின் புகலிடம். போதகர் க்ளாரா. ரிவேரா அங்கேயும் ரிலீவர்தான், பின்னால் வந்து கைகொடுக்கிறவர், என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 9

"நிலவில் நடந்தவர் 12 பேர், பிளேஆஃபில் ரிவேரா கொடுத்த ரன் 11" என்ற நகைச்சுவையை ஒருவர் ஒட்டியிருக்கிறார். எண் சரி, பிட்சர் கணக்கில் சேர்கிற ரன்கள் 11தான். 141 இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.70. வழக்கமான சீசனில் 652 சேவ், சராசரி 2.21. பிளேஆஃபில் 42 சேவ், சட்டை எண்ணும் 42. அந்த எண்ணை ஜாக்கி ராபின்சனுக்காக 1997இல் எல்லா அணியிலும் நிறுத்திவிட்டார்கள், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களில் கடைசியாக ஓய்வு பெற்றவர் இவர்.

சேவ் என்றால் என்ன என்று கேட்டவருக்கு: ஜெயிக்கிற அணிக்குக் கடைசி அவுட்டை எடுத்த பிட்சர், வெற்றிக் கணக்கு அவர் பேரில் எழுதப்படாமல் இருந்தால், மூன்று வழிகளில் சேவ் வாங்கலாம். மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையில் வந்து ஒரு முழு இன்னிங்ஸ் போடணும். அல்லது, வரும்போது ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய எதிரணி ஆள் பேஸிலோ, பேட் பிடித்தோ, அடுத்து ஆடத் தயாராகவோ இருக்கணும். அல்லது, முன்னிலை எவ்வளவு இருந்தாலும் மூன்று இன்னிங்ஸ் ஒழுங்காகப் போடணும். முதல் வழியில் சுலப சேவ்கள் நிறைய சேரும் என்பது நியாயமான குறை. அதனால்தான் எனக்கு 652ஐ விட 141 இன்னிங்ஸ்தான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த 141இல் அவரை ஹோம் ரன் அடித்தவர் ஒரே ஒருவர், கிளீவ்லாந்தின் சாண்டி அலோமார் ஜூனியர், 1997.

மார்ச் 9, ஒரு மணி நேரம் கழித்து

இரண்டு பேர். 2000 வேர்ல்ட் சீரிஸ் இரண்டாவது ஆட்டத்தில் மெட்ஸின் ஜே பேட்டன். யாங்கீஸ் ஜெயித்ததால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, எனக்கும்தான்.

மார்ச் 12

"கடவுள் பந்தைக் கொடுத்தார் என்றால் அலோமாருக்கு ஹோம் ரன்னைக் கொடுத்தது யார்?" நல்ல கேள்வி. இதை இரண்டு நாள் போட்டு உருட்டிப் பார்த்தேன்.

1997இல் அடுத்த சுற்றுக்குப் போக இன்னும் நான்கு அவுட்தான் பாக்கி. அலோமார் அடித்தது வலது பக்கச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. ஆட்டம் போச்சு, அடுத்த நாள் தொடரும் போச்சு. குளோசராக அவருக்கு முதல் வருஷம். இந்த மாதிரி ஓர் அடியில் காணாமல் போன குளோசர்கள் உண்டு. இவர் அடுத்த மூன்று வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையோடு வீட்டுக்குப் போனார், 1999இல் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான்.

2001ஐ இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கணும். நவம்பர் 4, அரிசோனா, வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 2-1 முன்னிலையோடு வந்து மூவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பதில் மார்க் கிரேஸ் ஒரு சிங்கிள். அடுத்து டேமியன் மில்லர் பன்ட், அதாவது பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டார். ரிவேரா பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், வீச்சு தப்பியது. ஈர மைதானமா, அவசரமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அடுத்த பன்டில் மூன்றாவது பேஸில் ஒருவர் அவுட். டோனி வோமாக் இரண்டு பேஸ் ஓடும் டபுள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கிரெய்க் கௌன்செல் மேல் பந்து பட்டது, மூன்று பேஸும் நிறைந்தது. ஒரு அவுட்தான். ஒரு ரன் வந்தால் முடிந்தது. ஆகவே யாங்கீஸ் உள்வளைய வீரர்களை முன்னால் இழுத்தார்கள், ஓடிவருபவனைப் பிளேட்டிலேயே பிடிக்க. அது சரியான முடிவு, வேறு வழியும் இல்லை.

லூயிஸ் கொன்சாலஸ் இடது கை. பேட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்து நின்றார். கட்டர் உள்ளே வந்தது. பிடிக்குப் பக்கத்தில்தான் பட்டது. உறுதியில்லாத, தொப்பென்று எழும்பிய பந்து, யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் ஜீட்டரின் தலைக்கு மேலே போய்ப் புல்லின் விளிம்பில் விழுந்தது. ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் நின்ற வாக்கில் பிடித்திருப்பார்.

ரிவேரா எறிய நினைத்த பந்தைத்தான் எறிந்தார், பந்து செய்யவேண்டியதைத்தான் செய்தது. தோற்றது அப்படித்தான். இதை "கடவுள் கைவிட்டார்" என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒன்று நடந்தது. யாங்கீஸ் ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம் இருந்திருக்கும். அணியின் என்ரீக்கே வில்சன் அதற்கு நின்றுவிட்டு, நவம்பர் 12ஆம் தேதி டொமினிக்கன் குடியரசுக்குக் கிளம்புகிற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587இல் போவதாக இருந்தார். தோற்றதால் முன்கூட்டியே ஊருக்குப் போய்விட்டார். 587 குவீன்ஸில் விழுந்தது, விமானத்திலும் தரையிலுமாக 265 பேர். தோற்றதே நல்லது, நண்பன் உயிரோடிருக்கிறான் என்று ரிவேரா சொன்னார்.

மார்ச் 12, இரவு

அந்தக் கடைசிப் பத்தியில் எனக்கே ஒரு சங்கடம். வில்சன் பிழைத்ததற்கு நன்றி சொன்னால், ஏறிய 260 பேர் எங்கே போவார்கள்? ரிவேரா அதை இறையியலாகச் சொல்லவில்லை, நண்பனைப் பற்றிச் சொன்னார். ஆனால் அதை எடுத்து மேடையில் சாட்சியாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவரின் எரிச்சல் அங்கேதான் என்றால் நானும் அவர் பக்கம்.

மார்ச் 15

கிளைக்கதை. "பக்தி என்றால் சாண்டி கோஃபாக்ஸ் அல்லவா, யோம் கிப்பூர் நாளில் வேர்ல்ட் சீரிஸே ஆடவில்லையே" என்று எழுதியவருக்கு. ஆமாம், கோஃபாக்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் யூத பிட்சர், யோம் கிப்பூர் யூதர்களின் நோன்பு நாள். 1965 அக்டோபர் 6, முதல் ஆட்டம். அவருக்குப் பதில் டான் டிரைஸ்டேல் இறங்கி 8-2 என்று தோற்றார். கோஃபாக்ஸ் மறுநாள் இறங்கி அவரும் தோற்றார், அதை யாரும் சொல்வதில்லை. பிறகு ஐந்தாவது ஆட்டத்திலும், இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அன்று வளைபந்து சரியாக விழாததால் பெரும்பாலும் வேகப்பந்தையே எறிந்தார். ஒரே பந்தில் ஒன்பது இன்னிங்ஸ்! என் முதல் குறிப்புக்கு எதிர்ச்சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு நாள். அடுத்த வருஷம் 27 வெற்றியோடு 30 வயதில் ஓய்வு, முழங்கை மூட்டுவாதம்.

அதற்கும் முன்னால் நியூயார்க் ஜயன்ட்ஸ் பிட்சர் கிறிஸ்டி மேத்யூசன் ஞாயிற்றுக்கிழமை பந்து எறிய மாட்டார், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. 1905 வேர்ல்ட் சீரிஸில் ஆறு நாளில் மூன்று ஷட்அவுட், எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லாத ஆட்டங்கள். ரிவேரா ஞாயிறும் ஆடினார், எல்லா நாளும் ஆடினார். மூன்று பேர் விரதமும் மூன்று விதம்.

மார்ச் 17

2004ஐ விட்டுவிட்டேன் என்று பாஸ்டன் ரசிகர் ஒருவர் விடாமல் இடிக்கிறார். சொல்கிறேன்.

அக்டோபரில், பாஸ்டனோடு பிளேஆஃப் தொடர் தொடங்குவதற்கு முன், பனாமாவில் ரிவேரா வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் பாய்ந்து க்ளாராவின் உறவினர் இருவர் இறந்தார்கள், அதில் ஒருவன் சிறுவன். அடக்கத்துக்குப் போய்விட்டு அன்று மாலையே நியூயார்க் வந்து முதல் ஆட்டத்தில் சேவ் எடுத்தார். ஐந்து நாள் கழித்து நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. கெவின் மில்லருக்கு ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே நாலு பால் போட்டு முதல் பேஸை இலவசமாகக் கொடுத்தார். அவருக்குப் பதில் ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அப்புறமும் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது அடி விழாமலே ஓடிச் சேர்ந்தார், ஒரு கை அகலத்தில். பில் முல்லர் நடுவே அடித்தார், சமன். பன்னிரண்டாவதில் பாஸ்டன் ஜெயித்தது, அடுத்த மூன்றும் அவர்களுக்கே. இங்கேயும் கட்டர் பழுதில்லை, பிழை அந்த நாலு பாலில். குளோசர் முன்னிலையை இழப்பது பெரும்பாலும் இலவசமாகக் கொடுத்த பேஸில்தான் தொடங்கும்.

அடுத்த ஏப்ரலில் ஃபென்வே மைதானத்தில் பெயர் வாசித்தபோது பாஸ்டன் கூட்டம் எழுந்து நின்று கேலியாகக் கைதட்டியது, எங்களுக்குக் கோப்பை கொடுத்தவரே என்று. ரிவேரா சிரித்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். நடிப்பாக இருந்தால்கூட அதை அந்த இடத்தில் செய்யக் கொஞ்சம் நெஞ்சுரம் வேணும்.

மார்ச் 5 குறிப்பில் கடவுள் கதைக்கும் உடல்கூற்று விளக்கத்துக்கும் சண்டையில்லை என்று நைசாக நழுவினேன். இப்போது கொஞ்சம் துணிந்து சொல்கிறேன். பந்துக்கு விளக்கம் விரலில் இருக்கிறது, நம்பிக்கை அங்கே தேவையே இல்லை. நம்பிக்கை வேலை செய்த இடம் இரண்டு. ஒன்று, நேராக்குவதை நிறுத்தியது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நூறு பேர் அந்தப் பந்தை நேராக்கி முடித்து சாதாரண பிட்சராகப் போயிருப்பார்கள். இரண்டு, தோற்ற மறுநாள்.

மார்ச் 18

"அதற்கு மனநல ஆலோசகர் போதுமே." போதும். அவருக்குக் கிடைத்தது இது.

மார்ச் 21

ஒரே பந்து என்பதிலும் ஒரு திருத்தம். இரண்டு தையல் வேகப்பந்தும் இருந்தது, வலது கை பேட்டரின் உள்பக்கம் ஓடுகிறது, கடைசி வருஷங்களில் கூடுதலாக எறிந்தார். கட்டரையே இரண்டு ஓரத்துக்கும் எறிவார். இடது கை பேட்டருக்குப் பிளேட்டின் வெளியோரத்தில், வெளியே போவது போல வந்து உள்ளே திரும்பி ஸ்ட்ரைக் ஆகும், பேட்டர் பார்த்துக்கொண்டே நிற்பான். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நடுவிலுள்ள ஒன்பது பத்து அங்குலத்தை அவர் பயன்படுத்தியதே அபூர்வம்.

உடம்பைப் பற்றியும் ஒன்று. 2012 மே 3, கான்சஸ் சிட்டி. பயிற்சியில் வெளிமைதானத்தில் ஓடிப் பந்து பிடிப்பது அவருக்கு வருஷக்கணக்கான பழக்கம், அவருடைய ஓட்டப்பயிற்சியே அதுதான். சுவரோரம் கால் மாட்டி முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 42. காலில் ரத்தக்கட்டி வேறு கண்டதால் அறுவை ஜூனுக்குத் தள்ளிப்போனது. 2013இல் திரும்பி வந்து 44 சேவ். அந்த வருஷ ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் மேலாளர் ஜிம் லேலண்ட் அவரை எட்டாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். எட்டாவதில் எதிரணி முந்திவிட்டால் ஒன்பதாவதின் பின்பாதி ஆடவே வேண்டியிருக்காது, ரிவேராவுக்கு இடமே இல்லாமல் போய்விடும் என்ற கணக்கு. அவர் பிட்சர் நிற்கிற மேட்டுக்கு வந்தபோது சக வீரர்கள் ஒருவரும் மைதானத்தில் இறங்கவில்லை. தனியாக நின்று எல்லாப் பக்கமும் தொப்பியைக் காட்டினார்.

செப்டம்பர் 26 கடைசி ஆட்டம். பிட்சரை மாற்ற மேலாளர்தான் நடந்து வருவார், அன்று நீண்ட நாள் அணித் தோழர்கள் ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் வந்தார்கள். பெட்டிட் தோளில் சாய்ந்து அழுதார்.

2019இல் ஹால் ஆஃப் ஃபேம் எனும் பேஸ்பால் புகழ் மண்டபம், 425 வாக்குக்கு 425. ஒரு வாக்கும் குறையாமல் போனவர் அதுவரை யாருமில்லை, பேப் ரூத் உட்பட.

மார்ச் 24

டென்னிஸ் பந்தில் கட்டர் போட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை என்கிறார் கேள்வி கேட்டவரே. விஷயம் விளம்பரத்திலிருந்து மொட்டைமாடிக்கு வந்துவிட்டது, சந்தோஷம்.

டென்னிஸ் பந்து எடை குறைவு, பேஸ்பாலில் பாதியைக்கூட எட்டாது. மேலே மயிர், விரலுக்குப் பிடிக்கத் தையலும் கிடையாது. கிரிக்கெட் பந்தும் ஆகாது, தையல் நடுவில் ஒரே பட்டையாக ஓடுகிறது, நான்கு தையல் பிடி வராது. லெக் கட்டரோடு இதைக் குழப்பவேண்டாம், அது தரையில் பட்டுத் திரும்புகிறது, இது காற்றிலேயே. பழைய டென்னிஸ் பந்தை எடுத்து எலக்ட்ரிக் டேப்பை முழுக்க இறுக்கிச் சுற்றுங்கள், விரல் பதிகிற இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சுற்று மேடாக. கொஞ்சம் கனக்கும், நடுவிரலுக்கு விளிம்பு கிடைக்கும். பதினெட்டு மீட்டர் வேண்டாம், பத்துப் பன்னிரண்டில் தொடங்குங்கள். மணிக்கட்டை முறுக்காதீர்கள். முழங்கை உள்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.